டொமைன்: ஆள்களமா, குத்தகையா?

கடைக்கு ஒரு வெப்சைட் போடணும்னு யாராச்சும் வந்தா நான் மொதல்ல டிசைன் பத்தியெல்லாம் கேக்கறதில்ல, "டொமைன் யார் பேர்ல இருக்கு?"ன்னுதான் கேப்பேன். டொமைன்னா வெப்சைட்டத் தொறக்க நாம அடிக்கிற அந்த டாட் காம் மாதிரி முடியற பேரு. "அதெல்லாம் தம்பி ஒருத்தன் பாத்துக்கறான்"னு பதில் வந்தா வில்லங்கம் அங்கயே ஆரம்பம்.

லத்தீன்ல டொமினுஸ்னா எஜமான், வீட்டுக்கு டொமுஸ், ரெண்டும் ஒரே குடும்பம். எஜமானோட நிலபுலம்ங்கற அர்த்தத்துல ஃப்ரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போயி டொமைன் ஆச்சு. லத்தீன் பைபிள்ல கடவுளையும் டொமினுஸ்னுதான் சொல்றாங்க, நம்ம ஊர் சர்ச்ல அதையே ஆண்டவர்ங்கறோம், டொமினிக்னு பேரு வைக்கிறதும் இதுல இருந்து வந்ததுதான்.

இப்ப தமிழுக்கு வாங்க. ஆள்களம்னு சொல்றாங்க, சிலர் சுருக்கமா களப்பெயர்ம்பாங்க. எனக்கு ஆள்களம்தான் பிடிச்சிருக்கு. ஏன்னா ஆண்டவர், ஆண்டை, ஆட்சி எல்லாத்துக்கும் வேரு அந்த 'ஆள்'தான், டொமினுஸ் அங்க என்ன வேலை பாக்குதோ அதே வேலைய இங்க இது பாக்குது, அதோட நெல்லடிக்கிற களத்தையும் சேத்துட்டாங்க. யாரு உருவாக்குனாங்களோ, ரசிச்சு பண்ணிருக்காங்க. (பத்தாங்கிளாஸ் கணக்குல வர்ற டொமைனுக்கு மதிப்பகம்னு பேரு, அது வேற கதை, ரெண்டையும் கொழப்பிக்காதீங்க.)

இன்டர்நெட் பேருக்கு இந்த வார்த்தை வந்தது 1980களோட ஆரம்பத்துல. அதுக்கு முன்னாடி நெட்வொர்க்ல இருக்கற எல்லா மெஷின் பேரும் ஒரே ஒரு ஃபைல்ல இருந்துச்சு, கலிஃபோர்னியால எஸ்ஆர்ஐங்கற ஒரு ஆராய்ச்சி நிலையம் அத வச்சிருந்துது, எல்லாரும் அத காப்பி எடுத்துக்கணும். மெஷின் பெருகப் பெருக சமாளிக்க முடியல. பால் மொக்கபெட்ரிஸ்ங்கறவர்தான் அத கிளை கிளையா பிரிச்சு, அந்தந்தக் கிளைய அந்தந்த ஆளே பாத்துக்கட்டும்னு 1983ல டிஎன்எஸ்ஸ, அதாவது பேர வச்சு மெஷினக் கண்டுபிடிக்கற ஏற்பாட்ட, வடிவமைச்சாரு. மொதல் டாட் காம் பேரு 1985 மார்ச் 15ல பதிவாச்சு, சிம்பாலிக்ஸ்ங்கற கம்பெனியோடது. இப்ப தமிழ்லயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர்னு முடியற பேரெல்லாம் இருக்கு, ஆனா கடை விசிட்டிங் கார்டுல அத மட்டும் நம்பிப் போட நான் சொல்லமாட்டேன், தமிழ்ல டைப் அடிக்கத் தெரியாத கஸ்டமர் என்ன பண்ணுவாரு?

சரி, வார்த்தைல எஜமான் இருக்காரு, நிஜத்துல நாம எஜமானா? கெடையாது, குத்தகைதான். டாட் காம்ல ஒரே தடவைல அதிகபட்சம் 10 வருஷத்துக்குப் பணம் கட்டலாம், அதுக்கு மேல கெடையாது. கட்டாம விட்டா கொஞ்ச நாள் அவகாசம் தருவாங்க, அப்புறம் பேரு அழிப்புக்குப் போயிரும், அதுலயும் 30 நாள் இருக்கு, ஆனா அப்ப மீட்கறதுக்குத் தனியா தண்டம் அழணும், அதையும் விட்டா 5 நாள் கழிச்சு சந்தைக்கு வந்துரும், யாரு வேணா எடுத்துக்கலாம்.

எங்க தெருவுல செக்கு எண்ணெய் விக்கிற அண்ணனுக்கு இதுதான் நடந்துச்சு. சைட் பண்ணிக் குடுத்த பையன் தன்னோட ஈமெயில்லயே டொமைன வாங்கிட்டான், திருட்டுப் புத்தியெல்லாம் இல்ல, அவனுக்கு அது சுளுவா இருந்துச்சு அவ்ளோதான். அவன் வேலைக்கு வெளிநாடு போயிட்டான், ரினீவல் மெயில் எல்லாம் அவன் திறக்காத பழைய ஐடிக்குப் போயிட்டே இருந்துச்சு. ஒருநாள் அண்ணன் ஃபோன் பண்ணி "தம்பி, நம்ம கடை பேர அடிச்சா எதோ சூதாட்ட பக்கம் வருதுடா"ங்கறாரு. போச்சு.

இப்ப டாட் இன்ல வேற பேரு எடுத்திருக்கோம், அவரோட மெயில்ல, அவரோட நம்பர்ல, ஆட்டோ ரினீவல் போட்டு, லாகினையும் பாஸ்வேர்டையும் எண்ணெய்க் கணக்கு நோட்டு பின் அட்டைல எழுதி வச்சிருக்காரு. டெலிவரி வேன்ல மட்டும் பழைய பேரு அப்படியே பெயிண்ட்ல இருக்கு, மேல ஸ்டிக்கர் ஒட்டணும்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு.