மைய எல்லைத் தேற்றம்: எது மையம்?

இந்தப் பெயரைப் பலரும் ‘மைய எல்லை’ என்று சேர்த்துப் படித்துவிட்டு, சராசரி நடுவில் இருப்பதால் வந்த பெயர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பிரிக்க வேண்டியது மைய + எல்லைத்தேற்றம் என்று. எல்லைத் தேற்றங்கள் பல உண்டு. நிகழ்தகவியலில் அவற்றுள் தலையாயது இது. கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1920இல் எழுதிய ஜெர்மன் கட்டுரையின் தலைப்பில் இப்பெயரைச் சூட்டினார். தேற்றம் அதைவிடப் பழையது: 1733இல் த மோவர் நாணயச் சுண்டலில் கண்டார், லாப்லாஸ் விரித்தார், 1901இல் லியாபுனோவ் பொதுவாக நிறுவினார்.

‘எல்லை’ என்பது நுண்கணிதத்தில் வரும் அதே எல்லைதான். ‘வரம்பு’ என்றால் மேல்வரம்பு, கீழ்வரம்பு என்று வேறெங்கோ போய்விடும். ‘தலையாய எல்லைத் தேற்றம்’ என்றிருந்தால் சட்டென விளங்கியிருக்கும். ஆனால் ஊன்றிவிட்ட பெயரை இனி மாற்றுவது வீண்வேலை.

தேற்றம் சொல்வது: ஒன்றையொன்று சாராத, திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) முடிவுள்ள ஒரே பரவலிலிருந்து எடுத்த மதிப்புகளின் சராசரி, கூறளவு (எடுத்த மதிப்புகளின் எண்ணிக்கை) கூடக்கூட மணி வடிவ இயல்நிலைப் பரவலை நெருங்கும். அதன் திட்டவிலக்கம், மூலத் திட்டவிலக்கத்தைக் கூறளவின் வர்க்கமூலத்தால் வகுத்தது. நெருங்குவது சராசரிதான், எத்தனை தரவு சேர்த்தாலும் தரவின் வடிவம் மாறாது. அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பகடையை எடுத்துக்கொள்வோம். சராசரி 3.5, திட்டவிலக்கம் 1.708. 36 முறை உருட்டினால் சராசரியின் திட்டவிலக்கம், அதாவது திட்டப்பிழை, 1.708 ÷ 6 = 0.285. இன்மைக் கருதுகோள் (சோதிக்க முன்வைக்கும் அனுமானம்): பகடையின் சராசரி 3.5தான். உருட்டியதில் கூட்டுத்தொகை 148, அதாவது சராசரி 4.11 வந்தால், விலகல் திட்டப்பிழையைப் போல் 2.15 மடங்கு. இயல்நிலைப் பரவலில் 1.96 மடங்குக்கு மேல் இருபுறமும் விலகும் வாய்ப்பு 5%தான். அதைத் தாண்டிவிட்டதால் 5% மட்டத்தில் கருதுகோளை மறுக்கிறோம்.

பகடை உண்மையில் நேர்மையானதாக இருந்தால் அப்படி மறுப்பது முதல் வகைப் பிழை. அதன் வாய்ப்பை 5% என்று நாமே முன்கூட்டி வைத்துக்கொண்டோம். கோணலான பகடையைக் கண்டுபிடிக்காமல் விடுவது இரண்டாம் வகைப் பிழை. இது நம் கையில் அவ்வளவு எளிதாக நிற்காது. உண்மைச் சராசரி 3.8, திட்டவிலக்கம் அதே 1.708 என்றால், 36 உருட்டலில் அதைப் பிடிக்கும் வாய்ப்பு 18% மட்டுமே. 80% ஆக்க ஏறக்குறைய 254 உருட்டல்கள் வேண்டும். ஆகவே ‘மறுக்க முடியவில்லை’ என்பதை ‘நிரூபணமாயிற்று’ என்று எழுதக் கூடாது.

‘கூறளவு 30 இருந்தால் போதும்’ என்ற விதியையும் அப்படியே நம்ப வேண்டாம். பகடைக்கு அதைவிடக் குறைவே போதும். ஒருபக்கம் நீண்ட வாலுள்ள தரவுக்குச் சில நூறு கூடப் போதாமல் போகலாம். வால்கள் மிகக் கனமான கோஷிப் பரவலுக்குச் சராசரியே வரையறுக்கப்படாததால், எத்தனை எடுத்தாலும் இத்தேற்றம் பொருந்தாது.