விரலால் அழிக்கக்கூடிய நீலம்

"நாலடிக்கு நாலடி இடம் இருக்கிறது. நீல நிற ஊசியிலை மரத்தில் குட்டை ரகமாக ஒன்று வைக்க ஆசை. எதை வாங்கலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு புகார். போன முறை வாங்கிய நீல ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் இரண்டே வருடத்தில் பச்சையாகிவிட்டதாம். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்கிறார்.

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. அந்தச் செடியில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. நம்பிக்கை வராவிட்டால் ஓர் ஊசியிலையை விரலிடுக்கில் வைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். நீலம் போய், எல்லா மரத்துக்கும் உள்ள அதே பச்சை தெரியும். விரலில் லேசாக ஒரு மாவு ஒட்டியிருக்கும். அது மெழுகு.

மெழுகு எப்படி நீலமாகும்? ஆகாது. மெழுகு வெண்மைதான். ஆனால் இலையின் மேல் அது ஏடு போலப் படிந்திருக்கவில்லை, கோடிக்கணக்கான நுண்குழாய்களாக நிற்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் கிடைப்பதே ஏறத்தாழ ஒரு குழாயின் தடிமன். ஒளியின் அலைநீளத்தைவிடவும் சிறியது. இவ்வளவு சிறிய பொருள்மீது ஒளி பட்டால் என்ன நடக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான்: வானம் ஏன் நீலம் என்ற அதே பாடம். குறுகிய அலைகள் அதிகம் சிதறும், நீண்டவை குறைவாகச் சிதறும். 400 நானோமீட்டர் ஊதா, 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறுகிறது. வானத்துக்குப் பின்னால் இருட்டு இருப்பதுபோல இங்கே மெழுகுக்குப் பின்னால் கரும்பச்சை இலை இருக்கிறது. சிதறாமல் உள்ளே போன சிவப்பை அது விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது நீலம் கலந்த சாம்பல் பூச்சு.

சரி, மெழுகு ஏன் குழாயாகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த மெழுகின் முக்கியப் பொருள் நோனகோசான்-10-ஆல். பெயர் மிரட்டினாலும் ஆள் எளிமையானவர். 29 கார்பன்கள் கொண்ட நீண்ட சங்கிலி, அதில் பத்தாவது கார்பனில் மட்டும் ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி துருத்திக்கொண்டிருக்கும். அந்தத் துருத்தல் இல்லாவிட்டால் சங்கிலிகள் தீக்குச்சிகள் போல ஒட்டி அடுக்காகித் தட்டையான தகடாகியிருக்கும். துருத்தல் இருப்பதால் ஒன்றன் பக்கத்தில் ஒன்று நிற்கும்போது ஒவ்வொன்றும் இம்மியளவு திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் சற்றே அகலமான செங்கற்களை வரிசையாக வைத்துச் சுவர் கட்டினால் என்ன ஆகும்? சுவர் தானாக வளைந்து கிணறாகிவிடும். அப்படித்தான் இந்தக் குழாயும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. துருத்தலுக்கு இருபுறமும் சங்கிலியின் நீளம் ஒன்றல்ல: ஒரு பக்கம் 9 கார்பன், மறுபக்கம் 19. ஆகவே இந்த மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள் சாத்தியம். மரம் அதில் ஒன்றை மட்டுமே தயாரிக்கிறது. 1994-இல் ரைன்ஹார்ட் யெட்டர், மார்க்குஸ் ரீடரர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மெழுகைக் கரைப்பானில் கரைத்து, மறுபடி படிய விட்டுப் பார்த்தார்கள். இலை இல்லை, உயிர் இல்லை, வெறும் கண்ணாடிக் கலம். ஆனாலும் மெழுகு தானாகவே குழாயாக எழுந்து நின்றது. இரண்டு 'கை'களையும் சமமாகக் கலந்தால் மட்டும் குழாய் வராமல் தட்டையாகிவிடுகிறது. அகலப் பக்கம் மாறி மாறி வருமாறு செங்கல் வைத்தால் சுவர் நேராகிவிடும் அல்லவா, அதே கதை. ஒரு மரத்தின் நிறம் கடைசியில் ஒரு மூலக்கூறு இடக்கையா வலக்கையா என்பதில் போய் நிற்கிறது என்று முதல்முறை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கும் இதே குடும்பத்து மெழுகுக் குழாய்கள்தான் காரணம். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இலைகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, வழவழப்பான இலைகளைத்தான் துடைக்க வேண்டியிருக்கிறது, சொரசொரப்பானவை தாமாகவே சுத்தமாக இருக்கின்றன என்று கவனித்தார். 1999-இல் அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் சுவர்ப் பூச்சாகச் சந்தைக்கு வந்தது. இலை மெழுகை ஆராயப் பணம் கேட்பவரிடம் "இதனால் என்ன பயன்?" என்று முதல் கேள்வியாகக் கேட்கும் குழுக்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பயன் என்னவென்று முன்கூட்டியே தெரிந்தால் அப்புறம் ஆராய்ச்சி எதற்கு?

மரத்துக்கு இந்த மெழுகு அலங்காரம் அல்ல. நீர் ஆவியாவதைக் குறைக்கிறது, புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. நீல ஸ்ப்ரூஸின் சொந்த ஊரான அமெரிக்காவின் ராக்கி மலைகளில், 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், இரண்டும் தேவைப்படும். அங்கேயே ஒரே காட்டில் பச்சை மரமும் நீல மரமும் கலந்து நிற்கும். விதை போட்டால் எந்த நிறம் வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நல்ல நீல ரகங்களை ஒட்டுப்போட்டு வளர்க்கிறார்கள்.

குட்டைத்தனம் வேறு கதை. பெரிய மரத்தின் கிளையில் சில நேரம் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஒரு கொத்து தோன்றும். ஐரோப்பாவில் இதற்குச் சூனியக்காரியின் துடைப்பம் என்று பெயர். பூஞ்சை, ஒட்டுண்ணி போன்றவற்றாலும் இது வரும். நமக்கு வேண்டியது ஒரு மொட்டில் மரபணு திடீரென்று மாறியதால் வருவது. அந்தக் கொத்திலிருந்து எடுத்த தண்டுத் துண்டு, வாழ்நாள் முழுக்க மெதுவாகவே வளரும். 'ப்ளூ ஸ்டார்' ஜூனிப்பர் என்ற நீல ஊசியிலைச் செடி இப்படி ஒரு கொத்திலிருந்து வந்ததுதான். சூனியம் வைத்த கிளை என்று பயந்து வெட்டி எரித்திருந்தால் பாதித் தோட்டக்கலை போயிருக்கும்.

மெதுவாக வளரும் என்றேன், நின்றுவிடும் என்று சொல்லவில்லை. அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் கணக்கில் குட்டை என்றால் வருடத்துக்கு 2.5 முதல் 15 சென்டிமீட்டர் வளர்ச்சி. அதாவது 'குட்டை' என்பது வேகம், உயரமல்ல. லேபிளில் ஒரு மீட்டர் என்றிருந்தால் அது பெரும்பாலும் பத்தாவது வருட அளவு. இருபதாவது வருடம் அது அங்கேயே நிற்காது. தப்பான இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு வெட்டிச் சிறிதாக்கலாம் என்றால் ஸ்ப்ரூஸ் ஒத்துழைக்காது. இலை உதிர்ந்த பழைய கட்டையில் வெட்டினால் திரும்பத் துளிர்ப்பது அரிது.

ஆகவே நாலடி இடத்துக்கு என் தேர்வு 'ப்ளூ ஸ்டார்'. பல வருடங்களுக்கு முழங்கால் உயரத்தை ஒட்டியே இருக்கும், பக்கவாட்டில் நாலடிக்குள் அடங்கும். அதன் மூல இனம் இமயமலை, சீனப் பகுதிகளைச் சேர்ந்தது. வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் பொறுக்காது. நீலம் இன்னும் பளிச்சென்று வேண்டுமென்றால் 'குளோபோசா' ஸ்ப்ரூஸ். ஆனால் அதற்கு நாலடி போதாமல் போகும் நாள் வரும். ஊசியும் குத்தும், நடைபாதை ஓரத்தில் வேண்டாம். உருண்டையாக வளரும் இதில் திடீரென்று ஒரு கிளை நிமிர்ந்து கிளம்பும். பார்த்த அன்றே அடியோடு வெட்டிவிட வேண்டும், விட்டால் அதுவே தலைவனாகிவிடும். 'பூல்வார்ட்' சைப்ரஸ் தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் உள்பக்கம் காய்ந்து பழுப்பாகிக்கொண்டே இருக்கும். எனக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. எதுவானாலும் நல்ல வெயில் வேண்டும். குளிர்கால உறக்கம் இல்லாத வெப்பமண்டலச் சமவெளியில் நீல ஸ்ப்ரூஸை முயலவே வேண்டாம்.

இனி அந்தப் புகார். பூச்சிக்கு எண்ணெய் மருந்து அடித்தீர்களா, அல்லது சோப்புத் தண்ணீர்? இரண்டும் மெழுகுக் குழாய்களைக் குலைத்துவிடும். கழுவிப்போன இலை மறுபடி நீலமாகாது, பல வருடம் உதிராமல் பச்சையாகவே கிளையில் இருக்கும். செடியைப் பிடுங்க வேண்டாம், அடுத்த வசந்தத்தில் வரும் துளிரைப் பாருங்கள். துளிர் நீலமாக வந்தால் தப்பு மருந்தில்தான். பச்சைத் துளிர் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால் அது உங்கள் செடியே அல்ல, அடிக்கட்டையாக வைத்த வேறொரு ஸ்ப்ரூஸ். அதை ஒட்ட நறுக்கிவிடுங்கள்.