கெளுத்தி குத்தினால் கயிற்றைத் தேடாதீர்கள், வெந்நீர் வையுங்கள்

மேட்டூர் திறந்து, கல்லணையில் பிரிந்த தண்ணீர் குடமுருட்டிக்கும் அரசலாற்றுக்கும் வந்து சேர்ந்ததும் மதகடிகளில் தூண்டிலோடு இளைஞர்கள் கூடிவிடுகிறார்கள். கூடவே எங்கள் மருத்துவமனைக்கு வீங்கிய கைகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. அண்மையில் வந்த ஒருவர், முன்கையில் தூண்டில் நரம்பையே சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். கெளுத்தி குத்திய இடம் கட்டைவிரலடியில் ஒரு சிறு புள்ளி. கட்டுக்குக் கீழேயோ கை முழுவதும் நீலம் பாரித்து, நரம்பு பதிந்த இடத்தில் தோல் அறுபட்டிருந்தது.

கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் இருபக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்றுமாக முட்கள் உண்டு; தேளி மீனுக்கு இருபக்கத் துடுப்புகளில் மட்டும். அவற்றில் நஞ்சும் உண்டு. அந்த நஞ்சு பெரும்பாலும் குத்திய இடத்தைச் சுற்றியே கடுக்கும். ‘விஷம் தலைக்கேறும்’ என்று கட்டுவதால் வலி குறையாது. இரத்த ஓட்டம்தான் நின்று கையே கெடும். பாம்புக்கடிக்கே இறுக்கிக் கட்டக் கூடாது என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கையில், கெளுத்திக்குக் கட்டுவதை என்னவென்பது? சுண்ணாம்பு தடவுவதும் பிளேடால் கீறுவதும் கட்டுக்குச் சற்றும் குறைந்த கேடல்ல.

செய்ய வேண்டியது எளிது. நல்ல தண்ணீரில் கழுவியபின், கை பொறுக்கும் சூட்டில், அதாவது ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வையுங்கள். இந்த நஞ்சு சூட்டுக்குத் தாங்காது. குத்துப்பட்ட கை மரத்திருக்கக்கூடும் என்பதால் சூட்டை மற்றக் கையால் பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரில் கொப்புளித்த கைக்கும் நான்தான் மருந்து போட வேண்டியிருக்கிறது.

வலி அடங்கினாலும் மருத்துவமனைக்கு வந்தே தீர வேண்டும். முள்ளின் விளிம்பு அரம்போல் இருப்பதால் உள்ளே துணுக்கு ஒடிந்து தங்குவது உண்டு. எக்ஸ்ரே எடுத்துத் தேட நேரும். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் பார்க்க வேண்டும். வாய்க்கால் நீரிலுள்ள ஏரோமோனாஸ், கழிமுக உப்புநீரிலுள்ள விப்ரியோ போன்ற கிருமிகள் சர்க்கரை நோயாளிகளையும் குடியால் கல்லீரல் கெட்டவர்களையும் விரைவில் வீழ்த்தக்கூடியவை; அவர்களுக்குச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் கண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது வரும் பிள்ளைகளில் பலர், மலையோடையில் ட்ரவுட் பிடிப்பவர் கையை நனைத்துக்கொண்டு மீனின் வயிற்றடியில் மெல்ல ஏந்தித் திரும்ப விடுகிற காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள். நீலகிரி ஓடைகளிலும் வாழும் அந்த மீனின் துடுப்பில் குத்தும் முள் கிடையாது. கை நனைப்பதும் அதன் மேற்பூச்சு வழுவழுப்பு கெடாமலிருக்கத்தான். அதே பாணியில் கெளுத்தியை ஏந்தினால், அது துடுப்பு முட்களை விரித்துப் பூட்டிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளும், அவ்வளவுதான். தம்பிகளே, தூண்டில் பெட்டியில் ஒரு மூக்குக் குறடு வையுங்கள். மீனைத் தொடாமல் தூண்டில் முள்ளைக் குறட்டால் பிடித்துத் திருப்பி, மீனை வாளிக்குள் விழவிடுங்கள். தூண்டில் முள் கழலவில்லையென்றால் தூண்டில் நரம்பை அறுத்துவிடுங்கள். நரம்பு போனால் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.