கான்ஃபிக் ஃபைலுக்கு எதற்கு இந்த வேகப் பைத்தியம்?

மறுபடியும் ஒரு கோட் ரிவ்யூ. பைத்தானில் எழுதிய சின்ன சர்வீஸ், 60 வரி எக்ஸ்எம்எல் கான்ஃபிக், அதாவது டேக் போட்டு எழுதிய செட்டிங் ஃபைல். அதைப் படிக்க சாக்ஸ் (ஃபைலை டேக் டேக்காக ஓடஓடப் படிக்கும் முறை) ஹேண்ட்லரைக் கையாலேயே எழுதி, ஸ்டார்ட் எலிமெண்ட், எண்ட் எலிமெண்ட், நடுவில் நாலு ஃப்ளாக் என்று 200 வரிக்கு இழுத்திருந்தார் தம்பி. ஏன் என்றால், "சாக்ஸ்தான் சார் ஃபாஸ்ட்."

சரி, ஃபாஸ்ட்தான். யாருக்கு என்ன லாபம்? ப்ரோக்ராம் கிளம்பும்போது கான்ஃபிக்கை ஒரு தடவை படிக்கிறது, அதோடு சரி. சில கிலோபைட்டுக்கு ஃபைலைப் படித்துப் பிரிக்கும் எந்த பார்சரைப் போட்டாலும் மில்லிசெகண்ட் கணக்குதான். உங்கள் இம்போர்ட் வரிகளே அதைவிட அதிக நேரம் தின்றிருக்கும். மெமரியில் அடங்காத ஃபைலை ஓடஓடப் படிக்கத்தான் சாக்ஸ். பல ஜிபி டம்ப் வந்தால் எடுங்கள். அதற்கும் பைத்தானில் துண்டு துண்டாகப் படிக்கும் ஐட்டர்பார்ஸ் இருக்கிறது. தயவுசெய்து கான்ஃபிக்குக்கு பெஞ்ச்மார்க் தேடாதீர்கள்.

கேட்க வேண்டியது வேறு: அந்த ஃபைலைத் திருப்பி எழுதுவீர்களா?

படிப்பது மட்டும்தான் என்றால் பைத்தான் 2.5 முதல் கூடவே வரும் எலிமெண்ட்ட்ரீ லைப்ரரி போதும். எழுதவும் வேண்டுமென்றால் ஜாக்கிரதை. சாதாரணமாகப் படிக்கும்போதே அது கமெண்ட்டுகளை உதறிவிடும். "இந்த போர்ட்டை மாற்றாதே, பழைய பில்லிங் இதைத்தான் கூப்பிடும்" என்று யாரோ புண்ணியவான் எழுதி வைத்த வரி, நீங்கள் ஒரு செட்டிங்கை மாற்றி சேவ் செய்ததும் போயே போச்சு. எரர்கூட வராது. டேக் பெயருக்கு முன்னால் வரும் நேம்ஸ்பேஸ் ப்ரீஃபிக்ஸ் 'என்எஸ்0' என்று மாறி நிற்கும். 3.8க்கு முந்தைய பைத்தான் என்றால் அட்ரிப்யூட்டுகளும் அகரவரிசைக்குப் போய்விடும். இந்த வேலைக்குத்தான் எல்எக்ஸ்எம்எல் என்ற தனி லைப்ரரி. கமெண்ட், ப்ரீஃபிக்ஸ் எல்லாம் இருந்தபடி இருக்கும்.

அப்புறம், 'டைம்அவுட்' டேக்கை ஃபைண்ட் போட்டு எடுத்து, இருக்கிறதா என்று வெறும் 'இஃப்' வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே வேறு டேக் இல்லாத எலிமெண்ட் 'ஃபால்ஸ்' ஆகிவிடும். ஃபைலில் 30 என்று எழுதியிருந்தும் டீஃபால்ட்டில் ஓடும். கிடைத்தது 'நன்' (None, அதாவது டேக்கே இல்லை) தானா என்று நேராகக் கேளுங்கள். 3.12 முதல் பைத்தானே எச்சரிக்கிறது. லாகை யார் பார்க்கிறார்கள்!

ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) வேண்டவே வேண்டாம். கமெண்ட்டுக்குள் கிடக்கும் பழைய பாஸ்வேர்டையும் பொறுக்கிக்கொண்டு வரும்.

ஃபைலை வெளியாள் அப்லோட் செய்வாரா? அப்படியானால் தாக்குதல்களைத் தடுக்கும் டிஃப்யூஸ்டுஎக்ஸ்எம்எல் லைப்ரரி இல்லாமல் தொடாதீர்கள். 1 கேபிகூட இல்லாத 'பில்லியன் லாஃப்ஸ்' தாக்குதல் ஃபைல், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய என்டிட்டிகளை (சுருக்கப் பெயர்கள்) விரிக்கவிட்டால் 3 ஜிபி மெமரி கேட்கும். பைத்தான் உள்ளே பயன்படுத்தும் எக்ஸ்பேட் பார்சரில் 2.4.0 முதல் அதற்குத் தடுப்பு உண்டு, ஆனால் உங்கள் சர்வரில் இருப்பது எந்த வெர்ஷன் என்று பார்த்தீர்களா?

புதிதாகத்தான் ஆரம்பிக்கிறீர்கள், எக்ஸ்எம்எல் கட்டாயமில்லை என்றால் டாம்எல் (TOML) என்ற எளிய கான்ஃபிக் ஃபார்மேட் போதும். பைத்தான் 3.11 முதல் அதற்கான லைப்ரரி கூடவே வருகிறது. அது படிக்க மட்டும்தான், எழுதாது; அதையும் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.