மதுவத்தின் நொதியம் மதுவத்துக்குத்தான், டீச்சர்

கிளினிக்கில் இந்த மாதம் நான் காணும் நாலாவது போத்தல் இது.

ஊரைச் சொன்னால் ஆளைத் தெரிந்துவிடும்; எழுவான்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற டீச்சர். சீனி வருத்தக் குளிசையை ஆறு கிழமையாக நிறுத்தியிருக்கிறார். வெறும் வயிற்றில் சீனி 290. ஏன் என்று கேட்டால் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து வைக்கிறார். “ஈஸ்டுல இருந்து எடுத்த டெலோமரேஸ், மகன். வயசு போறத்த நிப்பாட்டுமாம். நோபல் பரிசும் கிடைச்சிருக்கு.” உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பித்தவர். நேரில் ஏச வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

2009இல் எலிசபெத் பிளாக்பேர்ன், கரோல் கிரைடர், ஜாக் சொஸ்டாக் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை. அந்தக் கதையில் மதுவம், அதாவது ஈஸ்ட், வருவதும் உண்மை. மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தத்தின் (குரோமோசோம்) நுனி, கலம் பிரியப் பிரியத் தேயும். டெலோமரேஸ் என்ற நொதியம் (என்சைம்) தன்னிடமுள்ள ஆர்என்ஏ அச்சைப் பார்த்து அதை நீட்டும். 1989இல் சொஸ்டாக்கும் விக்டோரியா லண்ட்பிளாடும் இதற்கு வேண்டிய ஒரு மரபணுவைக் கெடுத்துப் பார்த்தார்கள். மதுவம் உடனே சாகவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை நுனி குட்டையாகி, கடைசியில்தான் பெரும்பாலான கலங்கள் வளராமல் நின்றன.

ஆனால் இதையெல்லாம் அது தன் கருவுக்குள், தனக்காகச் செய்கிறது. நொதியம் புரதம், டீச்சர். விழுங்கினால் இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் திரிப்சினும் அதை வெட்டிவிடும். அமினோ அமிலமாக நறுக்கப்பட்ட பிறகு அது டெலோமரேஸா பருப்பா என்று குடலுக்குத் தெரியாது. மட்டக்களப்பு வாவி மீனைப் பிறந்ததிலிருந்து தின்கிறோம், யாருக்காவது செட்டை முளைத்ததா? பாணுக்குப் போடுவதும் இதே மதுவம்தான். போறணையில் அதன் நொதியம் வெந்துபோகும். வேகாமல் விழுங்கினாலும் வயிறு விட்டுவைக்காது. போத்தலில் டெலோமரேஸ் இருக்கிறதா என்பதே வேறு கேள்வி.

இன்னொன்று, இதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். மதுவத்தில் டெலோமரேஸ் அணைந்து கிடப்பதில்லை. அப்படியிருந்தும் ஒரு தாய்க்கலம் சராசரியாக 25 தடவை அரும்பி, அதாவது பிள்ளைக்கலம் பெற்று முடிந்ததும் கிழடாகிச் செத்துப்போகிறது. நுனி நீண்டுவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் புரதங்கள் நொதியத்தைத் தள்ளியும் வைக்கும். ஒரு கலத்தாலான உயிருக்கே அளவு தெரிகிறது. அளவு தெரியாமல் அதை முடுக்கிவிடுவது யாரென்றால், புற்றுநோய்க் கலங்கள். நூற்றுக்கு 85–90 புற்றுநோய்களில் டெலோமரேஸ் விழித்திருக்கிறது.

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தியிருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்துக்கொண்டிருக்காமல் நாளைக்கே வாருங்கள். கூட்டம் வைத்து, ஆள் சேர்த்து, போத்தல் விற்கிற சொந்தக்காரருக்கு முகத்துக்காகக் காசு கொடுக்கிறீர்கள் என்றால் காசை மட்டும் கொடுங்கள், உள்ளே இருப்பதைக் குடிக்காதீர்கள். ஏற்கெனவே குடித்தவர்கள் போத்தலை ஒளிக்காமல் கொண்டு வாருங்கள், என்ன கலந்திருக்கிறது என்று லேபிளைப் பார்க்க வேண்டும்.

ஏசமாட்டேன். ஏசினாலும் கொஞ்சம்தான்.