“முழுசா எவன்டா போடுவான்?”

செய்திச் சேனலில் பதினோரு வருடம் வீடியோ எடிட்டராக இருந்துவிட்டு, இப்போது காரைக்குடியில் எடிட்டிங் வகுப்பு நடத்துகிறேன். போன வாரம் ஒரு பையன் கேட்டான்: “சார், நியூஸ் பார்த்தா ஒண்ணும் புரியல. நையாண்டி பார்த்தா புரியுது. ஏன்?”

ஒரு தலைவர் இன்று ஒன்று பேசுவார். நாலு வருடத்துக்கு முன் அதற்கு நேர்மாறாகப் பேசியிருப்பார். இரண்டு கிளிப்பும் சேனலின் சர்வரிலேயே இருக்கும். தேடி எடுத்துக்கொண்டு போனால், “அதெல்லாம் எதுக்கு, இன்னைக்குப் பேசின பைட் மட்டும் போதும்” என்பார்கள். இப்படி நானே எத்தனையோ கிளிப்பைத் திரும்ப வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவின் நையாண்டிச் செய்தி நிகழ்ச்சியான ‘தி டெய்லி ஷோ’வில் 1999 முதல் 2015 வரை அதன் தொகுப்பாளர் ஜான் ஸ்டீவர்ட் செய்தது அந்தத் தேடல்தான். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, கேமராவைப் பார்த்து முழிப்பார். தலைவருக்கு மட்டுமில்லை, கேள்வி கேட்காமல் ஒளிபரப்பிய சேனலுக்கும் சேர்த்து விழும் அடி. 2004 அக்டோபரில் சிஎன்என்-இன் ‘கிராஸ்ஃபயர்’ விவாதத்துக்கே போய், நீங்கள் நடத்துவது விவாதமில்லை, நாடகம் என்று அதை நடத்துபவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். நீ மட்டும் கடினமான கேள்வி கேட்கிறாயா என்று மடக்கினார்கள். “நான் காமெடி சேனல்காரன்; எனக்கு முந்தைய நிகழ்ச்சியில் பொம்மைகள் குறும்பு போன் பண்ணுகின்றன” என்றார்! மூன்றே மாதத்தில், ‘கிராஸ்ஃபயர்’ நிகழ்ச்சியை நிறுத்துவதாக சிஎன்என் அறிவித்தது.

நாடகம் என்று அவர் சொன்னது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கம்பன் விழாப் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் இது. அங்கே நடுவர் இரு பக்கத்தையும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். டிவியில் பக்கத்துக்கு ஓர் ஆளை உட்கார வைத்தால் நடுநிலை முடிந்தது; ‘நேரமில்லை, நன்றி’. பருவநிலை மாற்றத்தையும் சேனல்கள் இப்படி ஒன்றுக்கு ஒன்றாக விவாதித்ததைக் கிண்டலடிக்கத்தான், 2014இல் இன்னொரு நையாண்டிக்காரரான ஜான் ஆலிவர், விஞ்ஞானிகளிடையே உள்ள விகிதப்படியே, அதை மறுப்பவர் மூன்று பேருக்கு எதிரே ஏற்பவர் 97 பேரை மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

சரி, நையாண்டியை அப்படியே நம்பலாமா? அதுவும் எடிட் செய்ததுதான். தமிழில் மறுப்பு கடைசியில் வருவது எங்களைப் போன்றவர்களுக்கு ரொம்ப வசதி. “வரியைக் கூட்டுவோம் என்று நான் சொல்லவே இல்லை” என்பதை இரண்டாம் சொல்லோடு வெட்டினால் போதும்.

அப்படி வெட்டிய ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. கோட்டையூர் அப்பத்தா உண்மை என்றே நம்பிவிட்டார். முழுப் பேச்சையும் தேடிப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அப்ப இத முழுசா எவன்டா போடுவான்?”