போல்ட் கட் ஆனதும் ஈஸி அவுட்டைத் தேடாதீர்கள்

போல்ட் கட் ஆகி வரும் வண்டியைப் பார்த்து எனக்குக் கோபம் வராது. கட் ஆன போல்ட்டுக்குள், அதில் ஓட்டை போட்டுத் திருகி எடுக்க விட்ட ஈஸி அவுட் என்ற கருவியும் ஒடிந்து, சுற்றியுள்ள அலுமினியத்தில் நாலு பக்கமும் ஓட்டை விழுந்து வரும் வண்டியைப் பார்த்தால்தான் தலைக்கு ஏறும். கடலூரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன், கூடவே ஒரு லேத்தும் உண்டு. வீட்டு வாசலில் சொந்தமாக வேலை பார்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆயில் மாற்றுங்கள், பில்டர் மாற்றுங்கள், பிரேக் பேட்கூட மாற்றுங்கள், தெரிந்து செய்தால் நல்லதுதான். ஆனால் போன வாரம் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கட்டி இழுத்து வந்த ஹேட்ச்பேக்கைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது என்று, அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கூட்டை (ஹவுசிங்) வண்டிக்காரர் கழற்றியிருக்கிறார். இரண்டே போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பேனர். ஒன்று வந்துவிட்டது, இன்னொன்று கட் ஆகிவிட்டது. அப்போதும் துண்டு அரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த அரை சென்டிமீட்டர் இருந்திருந்தால் எனக்கு அரை மணி நேர வேலை. அவர் பிளையரில் பிடித்து ஆட்டி அதையும் மட்டத்தோடு முறித்துவிட்டார். அப்புறம் ஆன்லைனில் ஈஸி அவுட் செட் வந்தது. டிரில் போட்டபோது பிட் நடுவில் நிற்காமல் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத் தின்றது. ஈஸி அவுட்டை அதற்குள் விட்டுத் திருகினார், அது டப்பென்று ஒடிந்தது. ஒடிந்ததை எடுக்கச் சுவரில் ஓட்டை போடும் கான்கிரீட் பிட்டைப் பிடித்தார். கடைசியில் ஓட்டை தண்ணீர் ஓடும் பாதைக்குள்ளேயே திறந்துகொண்டது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது ஐந்து இலக்கத்துக்குப் போய்விட்டது.

"அண்ணே, வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல சுத்திக்கிட்டு வந்துச்சே" என்றார் பாவம்.

வரும். ஏன் வராது? வீடியோக்காரர் சுத்தமான இரும்புத் துண்டில் புது மரை போட்டு, புது போல்ட்டை மாட்டி, ரம்பத்தால் தலையை அறுத்துவிட்டு, கேமராவை ஆன் செய்கிறார். அந்த போல்ட் எங்கும் பிடிக்கவில்லை, விரலாலேயே திருகலாம். உங்கள் போல்ட் பத்து வருடம் கூலன்ட்டிலும் உப்புக் காற்றிலும் ஊறி, துருவால் மரையோடு மரை ஒட்டிப்போனது. இரண்டும் ஒன்றா?

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈஸி அவுட் என்றால் ஏதோ மந்திரக்கோல் என்ற நினைப்பு. உங்கள் போல்ட் ஏன் கட் ஆனது? மரை அதைப் பிடித்திருந்த பிடி, போல்ட்டின் உடம்பு தாங்கும் முறுக்கைவிட அதிகம். அதனால் மரை விடவில்லை, கழுத்து அறுந்தது. இப்போது அதே பிடியை எதிர்த்து, அந்த போல்ட்டுக்கு நடுவே போட்ட ஓட்டைக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியான ஒரு கருவியைவிட்டுத் திருகப் போகிறீர்கள். ஒரு கம்பி முறுக்கைத் தாங்கும் சக்தி விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகும்: விட்டம் பாதியானால் தாங்கும் சக்தி எட்டில் ஒரு பங்குதான். எம்6, அதாவது ஆறு மில்லி போல்ட்டின் மரை அடிப்பகுதி ஐந்து மில்லிக்கும் குறைவு, அதற்குள் விடும் ஈஸி அவுட் மூன்று மில்லி இருந்தால் அதிகம். போல்ட்டைவிடக் கெட்டியான எஃகு என்பது உண்மைதான். ஆனால் கெட்டியானது வளையாது, ஒடியும்.

இன்னொன்று. அதன் உடம்பு கூம்பு வடிவம். திருகத் திருக உள்ளே இறங்கி, கட்டையில் ஆப்பு அடித்தது போல போல்ட்டை உள்ளிருந்து விரிக்கும். ஓட்டை போட்டு மெலிந்த போல்ட் விரிந்து, ஏற்கெனவே பிடித்திருக்கும் மரையை இன்னும் இறுக்கும். கழற்றப் போய் டைட் செய்கிறீர்கள். அதற்குள் அது ஒடிந்தால், வீட்டில் இருக்கும் எந்த டிரில் பிட்டும் அதைத் தொடாது. பிட் எவ்வளவு கெட்டியோ, ஏறக்குறைய அவ்வளவு கெட்டி அதுவும். அப்புறம் கார்பைடு கட்டரை வைத்துப் பொறுமையாகச் சுரண்டவேண்டும், இல்லையென்றால் அச்சு (டை) செய்யும் டூல் ரூமில் ஸ்பார்க் எரோஷன் மெஷினில் வைத்து மின்பொறியால் எரித்து எடுக்கவேண்டும். அதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்று இங்கே எழுதவில்லை, மனசு கஷ்டப்படும்.

ஈஸி அவுட்டுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. மாட்டும்போது ஓவர் டைட் செய்து கட் ஆன புது போல்ட், பக்கவாட்டில் அடிபட்டுத் தலை போன போல்ட். இவற்றின் மீதித் துண்டு மரையில் லூசாகத்தான் இருக்கும். பல சமயம் கூரான இரும்பு பஞ்ச் ஒன்றை ஓரத்தில் வைத்து எதிர்ப்பக்கமாகத் தட்டினாலே சுற்றி வந்துவிடும். கழற்றும்போது கட் ஆனதா, மாட்டும்போது கட் ஆனதா என்பதுதான் முதல் கேள்வி. கழற்றும்போது என்றால் ஈஸி அவுட் பெட்டியை மூடி வையுங்கள்.

சரி, கட் ஆகாமலே கழற்றுவது எப்படி? நம் ஊரில் இது இரட்டைக் கஷ்டம். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் வாசலில் நிற்கும் வண்டியின் அடியைப் பார்த்தாலே தெரியும், உப்புக் காற்று என்ன செய்கிறதென்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகள் இன்னும் பட்டறைக்கு வருகின்றன. அவற்றின் சைலன்சர் போல்ட்டுகளை ஸ்பேனரால் தொடவே யோசிப்பேன். போதாக்குறைக்கு, கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் வேறு. உப்பு கரைந்த தண்ணீர் இருக்கும் இடத்தில் இரும்பு போல்ட்டும் அலுமினிய ஹெட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை அடைத்துக்கொள்ளும். அது துருவைவிட மோசமான பிடி.

பெரிய ராட்செட்டைப் போட்டு இழுப்பதுதான் வீட்டில் நடக்கும் முதல் தப்பு. ஒரு எம்6 போல்ட்டை மாட்டச் சொல்லும் டார்க் (முறுக்கு விசை) சுமார் 10 நியூட்டன் மீட்டர். ஏறக்குறைய இரண்டு மடங்கு போனால் அது கட் ஆகிவிடும். 30 சென்டிமீட்டர் கைப்பிடியில் 20 கிலோ பலத்தில் இழுத்தால் கிட்டத்தட்ட 60 வருகிறது. அதில் பைப்பையும் சொருகுகிறார்கள்! சின்ன போல்ட்டுக்குச் சின்ன கைப்பிடி. அவ்வளவுதான்.

துரு எண்ணெயை அடித்தவுடனே திருகக்கூடாது. பிரபலமான அந்த நீல மஞ்சள் டின், டபிள்யூடி-40, 1953ல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. ஓரளவு ஊடுருவும்தான், ஆனால் பிடித்த போல்ட்டுக்கு பெனிட்ரேட்டிங் ஆயில் என்றே தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். எதுவானாலும் இராத்திரி அடித்துவிட்டுப் படுத்துத் தூங்குங்கள். காலையில் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. பிறகு முதலில் கழற்றாதீர்கள், துளியூண்டு டைட் பக்கம் கொடுத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று திரும்ப உள்ளே. எண்ணெய், மறுபடி வெளியே. கிரீச்சென்று சத்தம் போட்டு வந்தால் நல்ல சகுனம், வந்துகொண்டிருக்கிறது. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி இழுபட்டு, விட்டால் பின்னால் வந்தால், போல்ட் முறுகுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் கையை எடுப்பவர்தான் நல்ல மெக்கானிக். கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்ப்பவர்களைக் கவனியுங்கள், நாளெல்லாம் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்கள். அவசரப்படவே மாட்டார்கள்.

எல்லாம் செய்தும் கட் ஆகிவிட்டதா? அன்றைக்கு வேலை முடிந்தது. டீ குடியுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், துண்டு எங்கும் ஓடிவிடாது. அடுத்த பத்து நிமிடத்தில் கோபத்தில் செய்வதைச் சரிசெய்யத்தான் எனக்கு நாள் கணக்கில் ஆகிறது.

துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைப் பொன் மாதிரி காப்பாற்றுங்கள். பிளையர் வேண்டவே வேண்டாம். பல் பதித்துக் கவ்வும் வைஸ் கிரிப் இருந்தால் எண்ணெய் ஊறிய பிறகு மெதுவாக முயலலாம், ஒருமுறை வழுக்கினால் விட்டுவிடுங்கள். பட்டறையில் நாங்கள் அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளேயே வெல்டிங் வைத்து நிரப்புவோம். மட்டத்தோடு கட் ஆனதையும் எம்8க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இப்படியே எடுத்துவிடலாம். அலுமினியத்தில் இரும்பு வெல்டிங் ஒட்டாது என்பதால் சுற்றுப்புறம் பிழைத்துக்கொள்ளும். சிவப்பு அடங்கியதும் ஸ்பேனர் போட்டு இப்படியும் அப்படியும் ஆட்டினால் வரும். இதில் பலம் பாதி வேலைகூடச் செய்வதில்லை, சூடுதான் துருவை உடைக்கிறது. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதும் நம் பக்கம்தான்.

இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பேட்டரி டெர்மினலைக் கழற்றாமல் காரில் வெல்டிங் வைத்து இசியூவை, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரை, எரித்தவர்கள் உண்டு. பெட்ரோல் பைப், பிரேக் ஹோஸ் பக்கத்தில் கேஸ் டார்ச்சைக் கொண்டு போகிறவர்களுக்கு என்ன சொல்வது?

டிரில் போட்டே ஆகவேண்டும் என்றால், கட் ஆன முகத்தை அரத்தால் மட்டமாக்கி, நட்டநடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, இரண்டரை மில்லி பிட்டில் தொடங்கவேண்டும். வேகம் குறைவு, எண்ணெய் தாராளம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இடப்பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் வாங்குங்கள், ரிவர்ஸில் ஓட்டினால் வெட்டும்போதே துண்டு சில சமயம் தானாகச் சுற்றி வந்துவிடும். எம்6க்கு 5 மில்லி, எம்8க்கு 6.8, அதைத் தாண்டினால் மரை போச்சு. மரை போனாலும் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டுக் காப்பாற்றலாம், ஓட்டை நேராக இருந்தால். கோணலாக இருந்தால் நானும் ஒன்றும் செய்யமுடியாது.

புது போல்ட் வாங்கும்போது ஒரு விஷயம். வண்டியில் இருக்கும் எம்10 பெரும்பாலும் 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள இடைவெளி, மில்லியில்). ஹார்டுவேர் கடையில் எம்10 என்று கேட்டால் கொடுப்பது 1.5. இரண்டு சுற்று உள்ளே போகும், அப்புறம் டைட்டாகும், "மரையில் அழுக்கு" என்று நினைத்து இழுப்பீர்கள், மரை மொத்தமும் உரிந்து வரும். தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பலத்தைக் காட்டும் எண் இருக்கும், அதையும் பாருங்கள். பிரேக் காலிப்பர், சஸ்பென்ஷன் போல்ட்டுகளை வண்டிக் கம்பெனி ஸ்பேர் தவிர வேறெங்கும் வாங்காதீர்கள். இதில் பேச்சே கிடையாது.

வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஸ்டெப்னி ஜாக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஜாக் ஸ்டாண்ட் வாங்குங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுத்துப் படுப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். அது விரிசல் காட்டிவிட்டு உடையாது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். போல்ட் திடீரென்று கட் ஆகும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கும், நினைவிருக்கட்டும்.

பட்டறைக்கு வருவதானால் கட் ஆன தலைத் துண்டைத் தூக்கி எறியாமல் எடுத்து வாருங்கள். முறிந்த முகம் முழுக்கப் பளபளப்பாக இருந்தால் அன்றைக்குத்தான் முறிந்தது, ஒரு பக்கம் பழுப்பாக இருந்தால் முன்பே விரிசல் விட்டிருக்கிறது. அதை வைத்துத்தான் மற்ற போல்ட்டுகளையும் மாற்றவேண்டுமா என்று முடிவு செய்வேன். ஓட்டையில் எம்-சீல் வைத்து மறைத்துக்கொண்டு வராதீர்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவேன், அதைச் சுரண்டுவதற்கும் சேர்த்துத்தான் கூலி வாங்குவேன். எந்த அளவு பிட், எவ்வளவு ஆழம், உள்ளே என்ன ஒடிந்து கிடக்கிறது என்பதை மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். திட்டமாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன்.